எவர் பொறுப்பில் இந்தப் பிள்ளை?

ஆதரவற்ற பிள்ளைக்கு உணவும் உடையும் கொடுப்பது நன்மை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நம் இல்லங்களில் கேட்டு வளர்ந்த பாடம் அது. ஐயம் எழுகிற இடம் வேறு. அப்பிள்ளையை ஏற்கும் கடமை ஒருவருக்கு மட்டும் உரியதாக இராமல் ஊருக்கே உரியதாகும்போது, மேலும் விரிந்து பல ஊர்களுக்கும் சேர்ந்து உரியதாகும்போது, அக்கடமை வலுக்கிறதா அல்லது நீர்த்துப் போகிறதா? பத்துப் பேர் தூக்கும் சுமை ஒவ்வொருவருக்கும் இலேசாகிறது. அது நன்றே. ஆனால் பத்துப் பேரில் ஒருவர் கையை எடுத்துவிட்டால் மற்றவர்க்கு அது தெரியாமற் போகக்கூடும். ஒவ்வொருவராக ஒன்பது பேரும் எடுத்துவிட்டால் சுமை யார் தலையில் விழும்?

இவ்வினாவை ஏட்டில் வைத்து ஆராய்வதைவிட ஓர் ஊரில் வைத்து ஆராய்வது பயன்தரும். கும்மிடிப்பூண்டியை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இரயில் பாதையில் பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா. அது ஆந்திர மாநிலம். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையும் இரும்பாலைகளும் இருக்கின்றன. ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் அங்கே கூட்டங்கூட்டமாக வாழ்கின்றனர். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவோரும் உண்டு. இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் மீனவர் குப்பங்களும், நம்மவர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பழவேற்காடும் இருக்கின்றன.

இத்தகைய வட்டாரத்தில் ஒரு பிள்ளை ஆதரவற்றுப் போகும் வழிகள் பல. தகப்பன் ஆலை விபத்தில் மாண்டுபோகலாம். தாய் நோயில் விழலாம். சூளை வேலை முடிந்து குடும்பம் ஊர் திரும்பும் வழியில் பிள்ளை தவறிப்போகலாம். குடியாலும் அடியாலும் வீடே பிள்ளைக்குப் பகையாகலாம். வீட்டை விட்டு ஓடி வந்த சிறுவன் வண்டியின் கடைசி நிலையத்தில் இறங்கி நிற்கலாம். இப்பிள்ளைகள் அனைவரையும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள்’ என்று அழைக்கிறது. அவ்வாறு கண்டெடுக்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தவேண்டும். இரக்கத்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது நல்லெண்ணமாயினும் சட்டத்துக்கு ஒவ்வாது. 1098 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிப்பதே முதற்கடமை.

குழந்தை எங்கே தங்குவது என்று ஆணையிடும் அதிகாரம் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்நலக் குழுவுக்கே உண்டு. ஆனால் ஆணையிட ஓர் இடம் வேண்டுமே! அந்த இடத்தைத் தேடித் தருவதும், அங்கே வைத்த பிள்ளையைக் கண்காணிப்பதும் ஊரின் வேலை. கிராம அளவிலும் வட்டார அளவிலும் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் அதற்கெனவே வகுக்கப்பட்டன. முன்னதற்கு ஊராட்சித் தலைவரும் பின்னதற்கு ஒன்றியக் குழுத் தலைவரும் தலைமை ஏற்கவேண்டும் என்பது ஏற்பாடு. அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்குரியவை என்று பட்டியலிட்ட 29 துறைகளில் மகளிர், குழந்தைகள் மேம்பாடும் ஒன்று.

ஒரு சிற்றூராட்சி தனித்து இதைச் செய்துவிட முடியுமா? முடியாது. ஓர் ஊரில் இத்தகைய பிள்ளை ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். சில ஆண்டுகளில் ஒன்றும் இராது. பிள்ளையை ஏற்கத் தகுதியும் மனமும் உள்ள குடும்பம் அவ்வூரிலேயே அப்போது கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இரண்டு உடன்பிறப்புகள் சேர்ந்து வந்தால் இருவரையும் ஏற்கும் வீடு கிடைப்பது இன்னும் அரிது. உடன்பிறந்தோரைப் பிரிக்காமல் வைக்க எல்லா முயற்சியும் செய்யவேண்டும் என்று அச்சட்டமே கூறுகிறது. எனவே அண்டை ஊராட்சிகள் கூடித்தான் ஆகவேண்டும்.

கூட்டு முயற்சிக்கு வேறொரு நியாயமும் இருக்கிறது. அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பிள்ளைக்குத் தீங்கு இழைத்தவர் அதே தெருவில் வாழும்போது, பிள்ளையை அதே ஊரில் வைப்பது கொடுமை. அதற்காக இருநூறு கல் தொலைவுக்கு அனுப்பினால் பள்ளியும் தோழரும் பாட்டியின் முகமும் ஒரே நாளில் பறிபோகின்றன. கவரைப்பேட்டைப் பிள்ளைக்கு எளாவூரில் ஒரு வீடு கிடைத்தால், அஞ்சும் வாசலைக் கடக்கவேண்டியதில்லை. விரும்பும் உறவினரோ ஒரு மணி நேரத்தில் வந்து பார்த்துச் செல்லலாம். அச்சம் தீரும் அளவுக்குத் தூரம், அன்பு அறாத அளவுக்கு அண்மை — இந்த இடைத்தூரத்தை ஓர் ஊர் தனித்துத் தர இயலாது. பல ஊர்கள் கூடினால்தான் தரமுடியும்.

ஆனால் கூட்டு என்பதற்குள் ஓர் அபாயமும் மறைந்திருக்கிறது. இங்கிலாந்தின் வரலாறு அதைக் காட்டுகிறது. அங்கே ஒரு காலத்தில் ஒவ்வொரு சிற்றூர் வட்டமும் தன் ஏழையைத் தானே காக்கவேண்டும் என்றிருந்தது. அதனால் வேற்றூர் ஏழை தன் எல்லைக்குள் வந்து தங்கிவிடாமல் திருப்பி அனுப்புவதிலேயே ஒவ்வொரு வட்டமும் கவனம் செலுத்தியது. 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் சுமார் 15,000 வட்டங்களைச் சுமார் 600 ஒன்றியங்களாகத் தொகுத்தது. நம் ‘ஊராட்சி ஒன்றியம்’ போன்ற ஒன்றியங்களே அவை. கூடிச் செலவு செய்த ஊர்கள் கட்டியவை என்ன? பெரிய பெரிய உழைப்பில்லங்கள். அவற்றுள் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிப்பகுதியில் வைத்தனர். செலவு சுருங்கியது, கட்டடம் பெருத்தது, பிள்ளை எண்ணிக்கையாகிப் போனான்.

இன்று அதே நாடு வேறொரு பாடத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் 80,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் உள்ளாட்சி மன்றங்களின் பராமரிப்பில் உள்ளனர். பொறுப்பேற்ற மன்றங்களோ 150-க்கும் மேல். ஒவ்வொன்றும் தனித்தனியே இடம் தேடி, தனியார் இல்லங்களிடம் கேட்ட விலையைக் கொடுத்து வந்தன. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, குழந்தை இல்லங்கள் நடத்தும் பெரிய நிறுவனங்களின் இலாபம் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது என்று காட்டியது. அதே ஆண்டு மே மாதம் ஜாஷ் மக்காலிஸ்டர் தலைமையில் வந்த ஆய்வறிக்கை, மன்றங்கள் வட்டாரந்தோறும் கூட்டுறவாகச் சேர்ந்து இடங்களைத் தேடவேண்டும் என்று பரிந்துரைத்தது. மான்செஸ்டர் பெருநகரப் பகுதியும் தென்கிழக்கு இங்கிலாந்தும் முதற்சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: இடம் தேடுவதும் விலை பேசுவதும் கூட்டமைப்பின் வேலை; பிள்ளைக்குப் பெற்றோர் நிலையில் நிற்கும் பொறுப்போ அந்தந்த மன்றத்திடமே இருக்கும்.

நம் நாட்டின் அனுபவமும் இதற்கு அரண் செய்கிறது. அஸ்ஸாம், மணிப்பூர் மாநிலங்களிலிருந்து தமிழ்நாட்டு இல்லங்களுக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் 2010-இல் மீட்கப்பட்டபின், 12 வயதுக்குட்பட்டோரைப் படிப்புக்கென வெளிமாநிலம் அனுப்பலாகாது என்று அவ்விரு மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களைப் பற்றி 2007-இல் தொடங்கிய அதே வழக்கில், 2017 மே மாதத் தீர்ப்பு எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்படவேண்டும் என்றது. இல்லத்தில் அடைப்பதற்கு மாற்று வழிகளைத் தேடுமாறும் அரசுகளை வலியுறுத்தியது. 2014 மே மாதம் ஜார்க்கண்ட், பீகார் முதலிய இடங்களிலிருந்து கேரளத்து யத்தீம்கானாக்களுக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இரயிலில் வந்து பாலக்காட்டில் இறங்கியபோது நாடெங்கும் பேச்சு எழுந்தது. பிள்ளைக் கடத்தல் என்ற குற்றச்சாட்டு பின்னர் நிலைக்கவில்லை. ஏழைப் பிள்ளைக்குக் கல்வி கொடுப்பதே அங்கே நோக்கம். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: அத்தனைத் தொலைவில் ஒரு பிள்ளை அழுதால், அவன் மொழியில் அவனைத் தேற்ற யார் வருவார்?

கடமை நீர்த்துப் போவதைப் பற்றி நம் மார்க்க அறிஞர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே சிந்தித்திருக்கின்றனர். ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே விதியானதை ஃபர்ளு ஐன் என்றனர். சமுதாயத்தின் மீது பொதுவாக விதியானதை ஃபர்ளு கிஃபாயா என்றனர். ஜனாஸாத் தொழுகை பின்னதற்கு எடுத்துக்காட்டு. சிலர் நிறைவேற்றினால் மற்றவர் பொறுப்பு நீங்குகிறது. நம்மில் பலர் இந்தப் பாதியோடு நின்றுவிடுகிறோம். யாரேனும் செய்வார்கள் என்று ஆறுதல் கொள்கிறோம். மறுபாதியோ கடுமையானது. ஒருவரும் செய்யாவிடில், அறிந்தும் வாளாவிருந்த அனைவரும் குற்றவாளிகள். ஆதலின் பொதுக்கடமை தனிக்கடமையைவிட இலேசானது அன்று. செய்தாயிற்றா என்று விசாரித்து அறிவதும் அதன் ஒரு பகுதியாகிறது. ஜனாஸாவை எவராவது அடக்கியிருப்பர் என்று எந்த ஜமாஅத்தாவது ஊகத்தில் விட்டுவிடுவது உண்டா?

கூடிச் செய்யும் கடமை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு ஸீரா நூல்களில் ஓர் எளிய நிகழ்ச்சி உண்டு. மக்காவில் பஞ்சம் வந்த ஓர் ஆண்டில், பிள்ளைகள் நிறைந்த அபூதாலிபின் குடும்பம் வறுமையில் வாடியது. தந்தையைப் பிறக்கும் முன்பும் தாயை ஆறு வயதிலும் பாட்டனாரை எட்டு வயதிலும் இழந்து, அந்த அபூதாலிபின் இல்லத்திலேயே வளர்ந்தவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். அவர்கள் சிறிய தந்தை அப்பாஸ் அவர்களிடம் சென்று, சுமையை நாம் பகிர்ந்துகொள்வோம் என்ற கருத்தைச் சொன்னார்கள். இருவரும் கூடிச் சென்று பேசினர். முடிவில் அலீ (ரலி) அண்ணலாரின் இல்லத்துக்கும், ஜஅஃபர் (ரலி) அப்பாஸின் இல்லத்துக்கும் சென்றனர். அகீல் தந்தையிடமே இருந்தார். சிந்தித்தது கூடி, பிள்ளைகளைப் பகிர்ந்ததும் கூடி. ஆனால் அலீ எவர் பொறுப்பில் என்று மக்காவில் எவரைக் கேட்டாலும் ஒரு பெயர் விடையாகக் கிடைத்திருக்கும். பிள்ளைகள் தந்தை வாழும் ஊரை விட்டுப் போகவும் இல்லை. தந்தை பெயரை இழக்கவும் இல்லை.

இந்த அளவுகோலை மீண்டும் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவருவோம். அவ்வட்டார ஊராட்சிகள் கூடினால் முதலில் செய்யத்தக்கது கட்டடம் எழுப்புவது அன்று. வளர்ப்புப் பராமரிப்புக்கு முன்வரும் குடும்பங்களின் பட்டியல் ஒன்றை ஊர் எல்லை பாராமல் பொதுவில் உருவாக்குவது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அக்குடும்பங்களை ஆராய்ந்து தேர்ந்தபின், நலக் குழுவின் ஆணைப்படி பிள்ளை அங்கே போகலாம். அடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஒருவர் வேண்டும். மாதந்தோறும் நேரில் சென்று பார்த்து எழுதிவைப்பவர் அவர். அவர் மாறினால் மற்றொருவர் கையொப்பமிட்டு ஏற்கும்வரை பழையவர் பொறுப்பு நீங்கலாகாது. செலவைப் பகிரலாம், வீடுகளைப் பகிரலாம், செய்தியைப் பகிரலாம். விடை சொல்லும் கடமையை மட்டும் பகிரலாகாது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை.

இதற்கு ஆள் வேண்டும் என்பதும் உண்மையே. திருவள்ளூர் மாவட்டத்தில் 2019 டிசம்பர்த் தேர்தலில் வந்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபின், நிர்வாகம் தனி அலுவலர்களிடம் விடப்பட்டது. தலைவரையே தலைவராகக் கொண்ட பாதுகாப்புக் குழு அவ்வேளையில் எவரை நோக்கும்? தலைவர் நாற்காலி காலியாகலாம். பிள்ளையின் வயிறு காலியாக இருக்கலாகாது. பதவியைச் சார்ந்த பொறுப்போடு ஆளைச் சார்ந்த பொறுப்பும் வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணம்.

வெளிமாநிலப் பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒடிசாக் குழந்தைக்கு ஊராட்சியில் வாக்குரிமையுள்ள உறவினர் இல்லை. அவனுக்காகப் பேசுவோரும் இல்லை. அவன் நம் ஊர்ப் பிள்ளை அல்லன் என்று சொல்லிக் கைகழுவ எளிது. சட்டம் அவனைச் சொந்த மாவட்டத்து நலக் குழுவுக்கு மாற்ற வழி செய்திருக்கிறது. அம்மாற்றம் நிறைவேறும்வரை அவன் எவர் பொறுப்பில் என்பதே கேள்வி. ஐக்கிய நாடுகளின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. குடும்பத்தை இழந்த குழந்தைக்கு மாற்று இடம் தேடும்போது அதன் மொழி, சமயம், பண்பாடு ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கருதவேண்டும் என்கிறது அதன் 20-ஆம் பிரிவு. இஸ்லாமியச் சட்டத்தின் கஃபாலா முறையைப் பெயர் சுட்டி ஏற்பதும் அதே பிரிவுதான்.

இனி நம் குடும்பங்களுக்கு வருவோம். தந்தையை இழந்த பருவமடையாப் பிள்ளையே யத்தீம் எனப்படுவான். தாய் உயிரோடிருந்தாலும் அவன் யத்தீமே. அப்படியானால் தாயுள்ள யத்தீமுக்கு மிகச் சிறந்த இடம் எது? தாயின் மடியன்றோ! வறுமை ஒன்றே காரணமாக அவனைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் சேர்ப்பது, உதவி என்ற பெயரில் இரண்டாம் முறை அநாதையாக்குவதாகும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், குடும்பத்திலேயே வளரும் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை வகுத்தது. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் என்று வைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விதவைத் தாய்க்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, சான்றிதழ் வாங்க உடன் செல்வது, ஒரு யத்தீம்கானாவில் அறை கட்டிப் பெயர்ப்பலகை வைப்பதைவிடக் குறைந்த நன்மையா?

பிறர் பிள்ளையை வளர்ப்பதில் நம்மவர்க்கு ஒரு தயக்கம் உண்டு. ஸைது இப்னு ஹாரிதா (ரலி) அவர்களை முன்னிட்டு அஹ்ஸாப் அத்தியாயம் வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்கப் பணித்தது. ஆதலால் தத்தெடுப்பு நமக்குரியதன்று என்று பலர் ஒதுங்கிக்கொள்கின்றனர். விரும்புவோர் எச்சமயத்தவராயினும் இளைஞர் நீதிச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அது எவரையும் கட்டாயப்படுத்துவதும் அன்று. ஆனால் வளர்ப்புப் பராமரிப்பில் அத்தயக்கத்துக்கே இடமில்லை. அங்கே பிள்ளையின் பெயரும் வமிசமும் மாறுவதில்லை. பெற்றோர் இருந்தால் வந்து பார்க்கலாம். நிலைமை சீரானால் பிள்ளை சொந்த வீட்டுக்குத் திரும்பலாம். பிள்ளை வளர்ந்தபின் வரும் மஹ்ரம் பற்றிய கேள்விகளுக்கு ஆலிம்களிடம் முன்கூட்டியே தெளிவு பெறலாம். தடையாக நாம் காட்டி வந்த விதி, பிள்ளையின் அடையாளத்தைக் காக்கும் விதி என்பது இங்கே விளங்குகிறது.

ஊராட்சிகளுக்குச் சொன்னது ஜமாஅத்துகளுக்கும் பொருந்தும். ஒவ்வொரு மஹல்லாவும் தனக்கென ஓர் இல்லம் கட்டிப் பெருமை கொள்வதைவிட, அண்டை மஹல்லாக்கள் கூடித் தம்மிடையே உள்ள யத்தீம்களைக் கணக்கெடுக்கட்டும். எந்தத் தாய்க்கு எது குறை, எந்தப் பிள்ளைக்கு எவர் துணை என்று எழுதிவைக்கட்டும். அதில் எச்சமயத்துப் பிள்ளையும் இடம்பெறலாம். பசிக்கும் வயிறு சமயம் கேட்பதில்லை. தேர்ந்த குடும்பங்கள் மாவட்ட அலகில் தம் பெயரைப் பதிவு செய்யலாம்.

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பலர் ஏற்பதால் கடமை நீர்ப்பதும் இல்லை, தானே வலுப்பதும் இல்லை. ஏற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரே ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தால் வலுக்கிறது. எழுதப்படாத இடத்தில் நீர்த்துப் போகிறது. கும்மிடிப்பூண்டியாயினும் நம் தெருவாயினும், எந்தக் கூட்டு ஏற்பாட்டையும் எடைபோட ஒரே கேள்வி போதும்: நள்ளிரவில் இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எழுப்பவேண்டியது எவரை? அதற்கு ஒரு பெயர் உடனே வருமானால் அந்த ஊர்கள் உண்மையிலேயே கூடியிருக்கின்றன.